காரீயத்தின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் மட்டும் ஏன் அசைய மறுக்கின்றன?

கேள்வி: சங்ககிரி பட்டறைக்காரர்

சங்ககிரியில் லாரி பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் அம்மணி, நேற்று மாலை நான் பிரித்துப் போட்டிருந்த ஒரு பழைய பேட்டரியின் பிளேட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தனிம அட்டவணையின் 14ஆம் தொகுதியில் வரிசையாக நிற்கும் கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் ஆகிய ஐந்துக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள்தாம் உள்ளன. கார்பன் நான்கையும் பயன்படுத்த, காரீயம் மட்டும் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வது ஏன்? பாடநூலில் இதற்கு 'மந்த இணை விளைவு' என்று போட்டிருக்கிறது. பெயர் வைத்துவிட்டால் காரணம் சொன்னதாகிவிடுமா என்கிறாள்.

என் பங்குக்கும் ஒன்று கேட்கிறேன். அதே குடும்பத்து வெள்ளீயத்தில் பேட்டரி செய்தால் எடையும் குறையும், விஷமும் இருக்காது. ஏன் யாரும் செய்வதில்லை?

பதில் 1: கோபி வேதியியல் ஆசிரியை

தங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது; வகுப்பில் நாங்களும் அந்தப் பெயரோடு கடந்துவிடுகிறோம். காரீயத்தின் அணு எண் 82. முதல் 54 எலக்ட்ரான்கள் செனானின் அமைப்பிலேயே அடங்கிவிடும். அதன்மேல் 4எஃப்-இல் 14, 5டி-இல் 10, 6எஸ்-இல் 2, 6பி-இல் 2 (எண் கூட்டையும், எழுத்து அதற்குள் இருக்கும் உட்கூட்டையும் குறிக்கும்). எளிதில் கைமாறுபவை அந்த 6பி எலக்ட்ரான்கள் இரண்டும். 6எஸ் இணை இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைப்பதில்லை. ஓலைத் தட்டியின் இடுக்கில் வெயில் புகுவதைப்போல, கருவின் இழுவிசை அவற்றைத் தாண்டி 6எஸ் வரை எட்டிவிடுகிறது. காரணம் அவ்வளவுதான்.

பதில் 2: கோவை இயற்பியல் மாணவர்

ஆசிரியை அவர்கள் சொன்னது சரியே, ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை ஐன்ஸ்டீனிடம் கேட்க வேண்டும்.

கருவில் 82 புரோட்டான்கள் இருப்பதால், அதற்கு மிக அருகில் உள்ள 1எஸ் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு வேகத்தில் இயங்குகிறது (இது ஒரு தோராயக் கணக்கு). அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிப்படி எலக்ட்ரானின் நிறை கால் பங்கு கூடியதைப்போல நடந்துகொள்ளும். அதன் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் உலவும் பகுதி) ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். இந்தச் சுருக்கம் 1எஸ் உடன் நின்றுவிடுவதில்லை. 6எஸ் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் வெளியே திரிந்தாலும், அவ்வப்போது கருவின் அருகிலும் தலைகாட்டுபவை என்பதால், அவையும் சுருங்கி ஆற்றலில் கீழே இறங்கிவிடுகின்றன. எனவே அவற்றைப் பிடுங்குவது கடினம். எப்படியோ பிடுங்கிவிட்டாலோ, அணு அவற்றைத் திரும்பப் பெறத் துடிக்கும்.

தாங்கள் பிரித்துப் போட்ட பேட்டரியின் சாக்லேட் நிறப் பாசிட்டிவ் பிளேட்டில் நடப்பது இதுதான். அது காரீய டை ஆக்சைடு; அங்கே காரீயம் நான்கு எலக்ட்ரான்களையும் இழந்த நிலையில் இருக்கிறது. எதிர்ப்புறம் சாம்பல் நிற நெகட்டிவ் பிளேட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் இரண்டும் காலியாகக் கிடக்கும் அந்த 6எஸ் இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. ராஜீவ் அகுஜா, பெக்கா பியூக்கோ முதலான ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒரு செல் தரும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை இந்தச் சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறது என்று தெரிந்தது. லாரியின் 24 வோல்ட்டுக்கு 12 செல்கள். சார்பியல் இல்லையென்றால் மிஞ்சுவது நான்கைந்து வோல்ட்தான். செல்ஃப் மோட்டார் முனகக்கூடச் செய்யாது.

வெள்ளீயத்தின் அணு எண் 50 மட்டுமே; அங்கே இந்தச் சுருக்கம் மிகவும் குறைவு. நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையிலேயே அது நிம்மதியாக இருக்கும். அதன் டை ஆக்சைடு மண்ணில் தாதுவாகவே கிடப்பது அதனால்தான். எதையும் திரும்பக் கேட்காத உலோகத்திடமிருந்து வோல்ட்டேஜ் வராது.

பதில் 3: ஈரோடு பாத்திரக்கடை

ஒரு சிறு இடைச்செருகல். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயத்தால் அல்ல. இரண்டையும் வெறுமனே 'ஈயம்' என்று சொல்லிச் சொல்லிக் குழப்பிவிட்டோம். காரீயச் சொம்பில் புளி பட்டால் உலோகம் கரைந்து குழம்போடு வயிற்றுக்குள் போய்விடும். மேலே சொன்ன அதே அமைப்புதான் இங்கும் வினையாகிறது: 6பி எலக்ட்ரான்கள் இரண்டையும் இழந்த காரீய அயனிக்குக் கால்சியம் அயனியின் அதே இரட்டை நேர்மின்சுமை இருப்பதால், உடம்பு ஏமாந்து அதை எலும்பில் சேர்த்து வைக்கிறது. டெர்மினல் வார்க்கக் காரீயம் உருக்கும் நாளில் அம்மணியைப் பட்டறைப் பக்கம் விடாதீர்கள்.

சங்ககிரி பட்டறைக்காரர்

மூவருக்கும் நன்றி. செல்களை இணைக்கும் பட்டை வெளியே தெரியும் பழைய மாடல் பேட்டரி ஒன்று கிடந்தது. மல்டிமீட்டரை வைத்து அவளே அளந்து பார்த்தாள், 2.09 காட்டியது. இப்போது அடுத்த கேள்வி: எலக்ட்ரான் கதை இருக்கட்டும், 82 புரோட்டான்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் காரீயக் கரு ஏன் சிதறுவதில்லை?

கோவை இயற்பியல் மாணவர்

எலக்ட்ரான்களைப்போலவே புரோட்டான்களுக்கும் நியூட்ரான்களுக்கும் தனித்தனிக் கூடுகள் உண்டு. மந்த வாயுக்களில் எலக்ட்ரான் கூடு நிரம்புவதைப்போல, கருவில் 82, 126 ஆகிய எண்களில் ஒரு கூடு முழுமையாக நிரம்பும். இவற்றை 'மாய எண்கள்' என்பார்கள். காரீயம்-208இல் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள்: இரண்டும் நிறைவு; அதனால் அந்தக் கருவுக்குக் கூடுதல் உறுதி. பிஸ்மத்-209தான் நிலையான கருக்களில் மிகக் கனமானது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் எழுதி வந்தன. அதுவும் மிக மிக மெதுவாகச் சிதைகிறது என்று பிரான்ஸில் 2003இல் கண்டறிந்துவிட்டதால், இப்போது அந்த இடம் காரீயம்-208க்கு வந்திருக்கிறது.