முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: 19 வயது, இரண்டு பிரசவம் என்ற நிபந்தனைகள் இனியும் வேண்டுமா?

வைகைக்கரை:
தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாக வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். தாய் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். கடைசி இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம். அப்படிக் கேட்டு அரசுக்கு மனு எழுதப்போகிறேன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் போன்றோர் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்கிறது. எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வி அந்தப் பிரிவில் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பிரிவு தொடங்குவதே "மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு" என்றுதான். அதை விட்டுவிட்டுப் படித்தால் எப்படி? அந்த வாசகத்தை வைத்துத்தான் மத்திய அரசின் மகப்பேறு உதவியான பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 என்றும், இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000 என்றும் நிற்கிறது. வயதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. திருமண வயதே 18. பதினேழில் கட்டிக்கொடுத்துவிட்டு, பதினெட்டு முடிந்ததும் பணத்துக்கு வந்து நிற்பதை அரசே ஊக்குவிக்கலாமா? தகுதி உள்ளவர்களுக்கே தவணை சரியாகப் போய்ச் சேரவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

செம்பருத்தி:
தவணை ஏன் நிற்கிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பேசிப் பயனில்லை.

2018இல் ஐந்து தவணை இருந்தது. 12 வாரத்துக்குள் பதிந்தால் 2,000, கர்ப்பத்தின் நான்கு மாதம் முடிந்ததும் 2,000, அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனால் 4,000, மூன்றாவது தடுப்பூசித் தவணை முடிந்ததும் 4,000, தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் பிறகு 2,000. இப்போது மூன்றே தவணை. கர்ப்பத்தின் 4ஆம் மாதம் 6,000, குழந்தைக்கு 4ஆம் மாதம் 6,000, 9ஆம் மாதம் 2,000. பெட்டகம் கர்ப்பத்தின் 3ஆம், 6ஆம் மாதங்களில்.

பணம் நிற்கும் முதல் இடம் ஆதார். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது வேறு, மானியம் வரும் கணக்காக என்பிசிஐ-யில் (தேசியப் பணப்பட்டுவாடா கழகம்) இணைத்தது வேறு. பல பேர் முதலாவதைச் செய்துவிட்டு "இணைச்சாச்சு" என்கிறார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் நிற்கும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தார்களோ அங்கேதான் பணம் விழும். கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்குத் திறந்து மறந்துபோன கணக்காகக்கூட அது இருக்கலாம். கைபேசியில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று காட்டும். ஆதார் ஆணையத் தளத்திலும் பார்க்கலாம்.

இரண்டாவது பெயர். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர், பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் இன்னொரு எழுத்துக்கோர்வை. மூன்றையும் ஒன்றாக்காமல் பதிவு செய்தால் பிறகு அலைச்சல்தான். கணவர் கணக்கைக் கொடுப்பதும் செல்லாது. தாயின் தனிக் கணக்கே வேண்டும்.

நெல்மணி:
செம்பருத்தி அக்கா சொன்னதோடு ஒன்று. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் வரும் சிக்கல் பெரிது. பதிவு புகுந்த வீட்டு ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். பிரசவம், 6, 10, 14ஆம் வார ஊசிகள் எல்லாம் அம்மா ஊரில் நடக்கும். அங்கே போட்ட ஊசி பிக்மியில் ஏறாவிட்டால் குழந்தையின் 4ஆம் மாதத் தவணை எழாது. போகுமுன் இங்குள்ள செவிலியரிடம் சொல்லிவிட்டு, அங்கே போனதும் பிக்மியில் பதிந்தபோது கிடைத்த 12 இலக்க ஆர்சிஹெச் எண்ணைக் கொடுக்க வேண்டும். தனியாரிடம் ஊசி போட்டாலும் அட்டையைக் காட்டிப் பதிய வைக்க வேண்டும்.

இன்னொன்று, பிரதமர் திட்டம் 5,000, இது 18,000, ஆக 23,000 என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் இரண்டும் இணைத்தே நடக்கிறது.

வைகைக்கரை:
விவரத்துக்கு நன்றி. ஆனால் இதெல்லாம் தகுதி உள்ளவர்களின் பிரச்சினை. கணக்குப்பிள்ளை ஐயா, பதினேழில் கட்டிக்கொடுத்தது பெற்றோர் செய்த குற்றம். சத்துக் குறைவது அந்தப் பெண்ணுக்கு. பிரதமர் திட்டமே 18 வயது 7 மாதம் என்று வைத்திருக்கிறது. சட்டப்படி பதினெட்டில் கல்யாணம் செய்தவளும் 18 வயது 10 மாதத்தில் பதிவுக்கு வந்தால் மாநிலத் திட்டத்தில் வெளியே நிற்கிறாள். இதற்கு என்ன நியாயம்?

மூன்றாம் பிரசவத்தையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.8. மக்கள்தொகை நிலையாக நிற்கத் தேவையான 2.1க்கும் கீழே. இரண்டு பிள்ளை விதி இனி யாரைத் தடுக்கப் போகிறது? இரத்தசோகையோடு மூன்றாவது முறை கருவுற்றவளுக்குத்தான் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சையும் நெய்யும் உள்ள அந்தப் பெட்டகம் அதிகம் தேவை.

கணக்குப்பிள்ளை:
18 வயது 7 மாதக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். சட்டப்படி மணம் செய்தவளைத் தள்ளுவது சரியில்லை, அந்த அளவுக்கு இறக்கலாம். அதற்குக் கீழே கூடாது.

மூன்றாவதில் பெட்டகம் மட்டும் கொடுங்கள், பணம் வேண்டாம். இரண்டு பெண் பிறந்த வீட்டில் ஆண் வேண்டும் என்று மூன்றாவதுக்குத் தள்ளப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். பணம் அந்த அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும்.

செம்பருத்தி:
அழுத்தம் இருப்பது உண்மை. ஆனால் தவணை தவணையாக வரும் 14,000க்காக யாரும் பிள்ளை பெறுவதில்லை. அந்த வீட்டில் அந்தப் பணம் இல்லையென்றால் பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலிதான் போகும்.

தகுதி இல்லை என்று தெரிந்து பிக்மியிலேயே பதியாமல் விடுபவர்களுக்கு: அப்படிச் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த ஆர்சிஹெச் எண் வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, சாப்பாடு, வண்டி இலவசம் என்பதற்குப் பிள்ளை எண்ணிக்கை தடையில்லை. சந்தேகம் இருந்தால் 102க்கு அழைக்கலாம்.

நெல்மணி:
நீங்கள் மூவரும் தொடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. மூன்று தவணையானதில் அலைச்சல் குறைந்தது, சரி. ஆனால் கர்ப்பத்தின் 4ஆம் மாதத்துக்கும் குழந்தையின் 4ஆம் மாதத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒரு காசு வராது. கூலி வேலைக்குப் போகிறவள் வேலையை நிறுத்தும் 7, 8, 9ஆம் மாதங்களும் பிரசவ மாதமும் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உள்ளவளுக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. இவளுக்கு ஒன்றுமில்லை. வயதையும் எண்ணிக்கையையும் பேசும்போது, குழந்தையின் 4ஆம் மாதத்து 6,000இல் 3,000ஐ கர்ப்பத்தின் 8ஆம் மாதத்துக்கு முன்னே இழுக்கவும் கேளுங்கள். கூடுதல் செலவு கிடையாது.

கணக்குப்பிள்ளை:
இதற்கு நான் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 14ஆம் வார ஊசிக்குக் கட்டிய தொகை 3,000க்குக் கீழே போகக் கூடாது. போனால் மூன்றாவது ஊசிக்கு வராமல் விடுவார்கள்.

வைகைக்கரை:
மனுவில் 8ஆம் மாதத் தவணையும் 18 வயது 7 மாதமும் இருவர் பெயரிலும் போகட்டும். மூன்றாம் பிரசவத்தை என் பெயரில் தனியாக எழுதுகிறேன்.