ஹெலிக்ஸ் குத்தி இரண்டு மாதம்: துளைக்குப் பின்னால் புடைப்பு, கழற்றிவிடலாமா?

மேல்காது எழுதியது:

வணக்கம். வலது காதின் மேல் விளிம்பில் ஹெலிக்ஸ் குத்தி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஊசியால்தான் குத்தினார்கள். டைட்டானியம் தண்டு, பின்பக்கம் தட்டையான வட்டு. ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. வீக்கம் வடிந்தது, தலை வாரும்போதுகூட வலியில்லை. போன வாரம் துளையின் பின்பக்கத்தில் கடுகளவு சிவப்பாக ஒரு புடைப்பு வந்திருக்கிறது. தொட்டால் லேசாக வலிக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் தண்டைச் சுற்றி வெளிர்மஞ்சளாகப் பொருக்கு காய்ந்திருக்கிறது. காது சூடாக இல்லை, காய்ச்சலும் இல்லை.

வேலையில் நாள் முழுக்க ஹெட்செட் போட வேண்டும். அதை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

வீட்டில் இது கீலாய்டு (தடித்து வளரும் தழும்பு), உடனே கழற்று என்கிறார்கள். தோழி ஒருத்தி தண்டைத் தினமும் சுழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறாள். இன்னொருத்தி ஹைட்ரஜன் பெராக்சைடு வைக்கச் சொல்கிறாள். ரொம்ப நாள் ஆசைப்பட்டுக் குத்தியது, இழக்க மனமே இல்லை. என்ன செய்யட்டும்?

சுருள்முடி எழுதியது:

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். சுழற்றவும் வேண்டாம், பெராக்சைடு பக்கமே போக வேண்டாம். எனக்கு இரண்டு காதிலும் ஹெலிக்ஸ் உண்டு, காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டில் ஒரு ட்ராகஸும் உண்டு. மூன்றும் ஆற ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதனால் நீங்கள் இருக்கும் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

காது மடலின் கீழ்ச்சதை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். ஹெலிக்ஸ் குத்துகிற மேல்விளிம்பு குருத்தெலும்பு, அது அப்படி இல்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கேட்கும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்களே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் கசிந்து போகிறது. அதனால் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். துளை வெளியிலிருந்து உள்நோக்கித்தான் ஆறும். அதாவது, இரண்டாம் மாதத்தில் வெளியே பார்க்க ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே தண்டைச் சுற்றி உருவாகும் புதுத்தோல் இன்னும் பச்சையாகவே இருக்கும். தண்டைச் சுழற்றினால் அந்தத் தோல் கிழியும், வெளியே காய்ந்த பொருக்கும் உள்ளே இழுபடும். பெராக்சைடு கிருமியோடு சேர்த்துப் புதுச் செல்களையும் அழித்துவிடும்.

அந்த வெளிர்மஞ்சள் பொருக்கு சீழ் இல்லை. புண் ஆறும்போது கசிகிற நிணநீர் காய்ந்தது. சீழ் கெட்டியாக இருக்கும், பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ வரும், பெரும்பாலும் நாற்றமும் இருக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது உறுத்தலால் வந்த புடைப்பாகத்தான் தெரிகிறது. கீலாய்டு துளையின் எல்லையைத் தாண்டிப் பரவும், பெரும்பாலும் பல மாதம் கழித்துத் தலைகாட்டும், தானாகச் சுருங்காது. உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ பழைய தழும்புகள் அப்படித் தடித்து வளர்ந்திருக்கின்றனவா? இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உறுத்தல் புடைப்பு துளையை ஒட்டியே இருக்கும், ஒரு நாள் பெரிதாகும், ஒரு நாள் சிறிதாகும். உறுத்துவது எது என்று கண்டுபிடித்து அதை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் வற்றிவிடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று தூக்கம். தலையணை இரவு முழுக்கத் தண்டைச் சாய்த்து அழுத்துகிறது. பயணத்தில் கழுத்தைச் சுற்றிப் போடும் தலையணை ஒன்று வாங்கி, நடுவில் உள்ள இடைவெளியில் காது வருமாறு படுத்துப் பாருங்கள். அப்படியே வலப்பக்கமே தூங்கலாம், காதில் எதுவும் படாது. உறையை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

இன்னொன்று தண்டின் நீளம். வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்று முதலில் நீளமான தண்டைத்தான் போடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகும் அதே தண்டு இருந்தால் அது முன்னும் பின்னும் ஆடும், முடியில் மாட்டும், துளையைக் கோணலாக இழுக்கும். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் குட்டைத் தண்டு மாற்றுவது வழக்கம். உங்களுக்கு மாற்றினார்களா? பலர் இதைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கோபம். நீங்களாகக் கழற்றி மாட்டாமல் குத்தியவரிடமே போங்கள். துளை சில நிமிடங்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடலாம்.

சுத்தம் செய்ய 0.9 சதவீத சலைன் போதும். காயத்துக்கென்று ஸ்ப்ரேயாக விற்பதே நல்லது. வீட்டில் உப்புக் கரைத்தால் பெரும்பாலும் உப்பு கூடிப்போய்த் தோல் வறண்டுவிடும். காலையும் இரவும் கை கழுவிவிட்டு அடியுங்கள், இளகிய பொருக்கை மட்டும் துடையுங்கள், காகிதத் துவாலையால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை சிக்கும். ஈரம் தங்கினாலும் புடைப்பு வரும், அதனால் தலைக்குக் குளித்தால் காதின் பின்பக்கத்தையும் மறக்காமல் உலர்த்துங்கள்.

செவிலி எழுதியது:

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காதின் மேல்பாதி முழுக்கச் சிவந்து, சூடாகி, வீங்கி, துடிக்கிற மாதிரி வலித்தால், அதே நேரம் கீழ்ச்சதை மட்டும் சாதாரணமாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். அது குருத்தெலும்பின் சவ்வில் தொற்று. கீழ்ச்சதையில் குருத்தெலும்பு இல்லாததால்தான் அது தப்பிக்கிறது. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் கட்டினால் ஊட்டம் நின்றுபோய்க் குருத்தெலும்பு அழியும், காதின் வடிவமே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய காதுகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரத்தில் வாழ்வது, வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாது. அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையையோ களிம்பையோ நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 2000-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரே இடத்தில் குருத்தெலும்பு குத்திக்கொண்ட 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. ஸ்பிரிங் துப்பாக்கியால் குத்தியிருந்தார்கள். கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலிலேயே கிருமி வளர்ந்திருந்தது. சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போனது. இனி குத்தப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், குருத்தெலும்புக்குத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவியில்) சுத்திகரித்த நகை, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

தொற்று என்று தோன்றினாலும் நீங்களாகத் தண்டை உருவ வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நேர்கோடு எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. கோணம். கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள். தண்டு காதின் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து போயிருந்தால், என்ன சலைன் அடித்தாலும் புடைப்பு திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் எடுத்துவிட்டு, நன்றாக ஆறவிட்டு, சில மாதம் கழித்துப் புதிதாகக் குத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மேல்காது எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தண்டை இன்னும் மாற்றவில்லை, ஆடத்தான் செய்கிறது. கோணம் நேராகத்தான் தெரிகிறது. சனிக்கிழமை குத்தியவரிடம் போகிறேன். சுருள்முடி அக்கா, அப்போதே குட்டைத் தண்டுக்குப் பதில் வளையம் போட்டுக்கொள்ளலாமா? அதற்காகத்தான் குத்தினேன். அப்புறம், நீச்சலுக்கு எப்போது போகலாம்?

சுருள்முடி எழுதியது:

வளையம் இப்போது வேண்டாம். அது துளைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும், வளைவு வேறு நேரான துளையை அழுத்தும். முழுக்க ஆறி, புடைப்பும் போன பிறகு போடுங்கள். குட்டைத் தண்டும் உடலுக்குள் பதிக்கும் தரத்திலான டைட்டானியமாகவே இருக்கட்டும். அந்தத் தரத்தின் குறியீடான ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று கேளுங்கள். சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பவற்றில் நிக்கல் இருக்கும், அது ஒத்துக்கொள்ளாத காதுக்கு அதுவே ஒரு உறுத்தல்.

நீச்சலும் ஆறும்வரை வேண்டாம். சனிக்கிழமை அவர் அளந்து பார்க்கும்போது, காது தண்டின் முன்குமிழுக்கும் பின்வட்டுக்கும் நடுவே அழுந்தாமல், நூலிழை இடைவெளியோடு உட்காருகிறதா என்று கவனியுங்கள். புடைப்பு வீங்கியிருக்கும் நாளில் ரொம்ப இறுக்கமான அளவைப் போட்டால் பின்வட்டு தோலுக்குள் புதைந்துவிடும். அவர் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். தலையணையை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள்.