அப்பா சாப்பிடுவது எங்கே போகிறது?

அம்மா: அப்பா மதியமும் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார். நாலு வாய்க்குள் வயிறு முட்டிக்கொள்கிறதாம். சட்டை மாற்றும்போது பார்த்தேன், தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆனால் எடை போன மாதத்தைவிட 2 கிலோ கூட.

தம்பி: கூடினால் நல்லதுதானே அம்மா?

அக்கா: இல்லைடா, அது கல்லீரல் நோயால் வயிற்றில் கோர்த்திருக்கும் நீர். உள்ளே சதை கரைந்துகொண்டே இருக்கும், நீர் ஏறுவதால் எடையில் தெரியாது. கையையும் தோளையும்தான் பார்க்க வேண்டும். அந்த நீர் இரைப்பையை அழுத்துவதால்தான் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது.

சித்தி: நோய் கல்லீரலில்தானே? குடல் நன்றாக இருக்கும்போது சாப்பிட்டது ஏன் உடம்பில் ஒட்டவில்லை?

அக்கா: இன்று உணவியல் நிபுணரிடம் இதைத்தான் கேட்டேன் சித்தி. கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும், அதைச் சுரப்பது கல்லீரல். அது குடலுக்குப் போதுமான அளவு வராவிட்டால் கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், கூடவே வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் போய்விடும், ஏனென்றால் அவை கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே ஏறும். அப்புறம், கல்லீரல் இறுகிவிட்டதால் குடலிலிருந்து அதற்கு வரும் இரத்தம் தேங்கிக் குடல் சுவரே வீங்கிப்போகும், அதுவும் சத்தை உறிஞ்சுவதைக் குறைக்கலாம்.

அம்மா: மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கிறது என்றாரே, அது இதனாலா?

அக்கா: இதனால் இருக்கலாம் அம்மா. டாக்டரிடம் சொன்னாயா?

அம்மா: அவர் கூச்சப்பட்டுச் சொல்ல விடவில்லை.

அக்கா: நாளை முதலில் அதைச் சொல். பல் துலக்கும்போது இரத்தம் வருவதையும், இருட்டினால் கண் சரியாகத் தெரியாததையும் சேர்த்துச் சொல். இரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதும் கல்லீரல்தான், எதில் குறை என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தம்பி: வரும்போது வைட்டமின் மாத்திரை வாங்கி வரட்டுமா?

அக்கா: நாமாக வேண்டாம்டா. வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலையே கெடுக்கும்.

அம்மா: புரதம் கொடுத்தால் மூளை குழம்பும் என்று யாரோ சொன்னார்கள், பயந்துபோய் ஒரு மாதமாக அதையும் குறைத்துவிட்டேன்.

அக்கா: ஐயோ அம்மா, அது பழைய கணக்கு. இப்போது அப்பா மாதிரி கல்லீரல் இறுகிப்போன, அதாவது சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் கொடுக்கச் சொல்கிறார்கள், நீரின் எடையைக் கழித்துத்தான் கணக்கு. மூளையைக் குழப்பும் அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு, புரதத்தைக் குறைத்தால் அந்தத் தசைதான் முதலில் போகும். சரி, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?

அம்மா: 7 மணிக்கு. அதன்பின் காலை 8 மணிக்குத்தான்.

அக்கா: 13 மணி நேரம்! இரவில் உடம்புக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் சேமித்து வைத்துக் கொடுக்கும். அப்பாவுக்கு அந்த இருப்பே குறைவு, அதனால் ஓர் இரவுப் பட்டினி அவருக்கு நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பது மாதிரி. விடிவதற்குள் உடம்பு தசையை அரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். படுக்கும் முன் கொஞ்சம் ஏதாவது கொடு, பகலிலும் சிறிது சிறிதாகப் பல வேளை கொடு.

சித்தி: பகல் வேளையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: இப்போது மணி 10. எழுப்பிக் கொடுத்தேன், பாதி சாப்பிட்டார். மீதியைத் தலைமாட்டில் மூடி வைத்திருக்கிறேன், நடுவில் விழித்தால் கொடுப்பேன்.