கோத் (கறுப்பு உடை ஃபேஷன்) பூட்ஸ் சோல் உதிருது, 20 நாள்தான் இருக்கு

தி க்யூர்ங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட கச்சேரியை முதல் தடவை நேரில் பார்க்கப் போட வேண்டிய பூட்ஸ். கிட்டத்தட்ட மூணு மணி நேரம் நிக்கணும்.

நான் இருக்கிறது ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊர். 42 சைஸ், 14 கண் லேஸ், 5 செ.மீ. பாலியூரித்தேன் (நுரை மாதிரி பிளாஸ்டிக்) சோல், வாங்கி 7 வருஷம். மேல்தோல் நல்லாவே இருக்கு. குதிகாலை அழுத்தினா பழைய வெல்லக்கட்டி மாதிரி உதிருது, உள்ளே பிசுபிசுப்பு. கடற்கரை ஈரம் பாலியூரித்தேனைச் சிதைச்சிடும். போடாம பெட்டியில வச்சாலும் தப்பாது.

சொல்யூஷன் தடவி ஒரு ராத்திரி இறுக்கிக் கட்டியாச்சு. பசை பிடிக்குது, சோல்தான் அடுக்கடுக்கா பசையோட பேர்ந்து வருது. சுத்தித் தையல் போட்டா நூல் சோலையே அறுக்குது. ராமநாதபுரத்தில் 2 கடையில் தட்டை சோல் மட்டும்தான்.

பழசைச் சுரண்டிட்டு, இ.வி.ஏ. (ரப்பர் மாதிரி லேசான நுரை) ஷீட் அடுக்கி, அடியில் ரப்பர் வச்சு அதே 5 செ.மீ. உயரத்தில் செய்து தர்றவங்க ராமநாதபுரம், மதுரைப் பக்கம் யார் இருக்காங்க?