தெருவில் ஜாஸும் ஓவியமும் ஒரே நேரத்தில்: எப்படி அமைப்பது?

வேம்படி

வணக்கம். பெசன்ட் நகர் பக்கம் எங்கள் தெருவில் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்னதாக ஒரு கலைவிழா வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்பான்சர் வேண்டாம், வீட்டுக்கு வீடு வசூல்தான். கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருவன் எதிர்வீட்டில் இருக்கிறான், அவனோடு கிடார், டபுள் பாஸ், டிரம்ஸ் என்று நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள். மூன்றாவது வீட்டில் ஓவியர் அம்மா ஒருவர், 40 வருஷமாக வரைகிறவர். அவர்கள் வாசிக்கும்போதே தானும் வரைகிறேன் என்கிறார்.

என் பயம் என்னவென்றால், போன வருஷம் வேறு ஒரு காலனியில் இதே மாதிரி நடந்ததைப் பார்த்தேன். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் அரை மணி நேரத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். ஓவியரை மேடையின் ஓரத்தில் முதுகு காட்டி நிறுத்தியிருந்தார்கள், அவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் படத்தைத் திருப்பிக் காட்டினார்கள், கைதட்டினோம், அவ்வளவுதான். இசைக்கும் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஆகக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுதந்தி

நான் பாஸ் வாசிக்கிறவன், அதனால் சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் சொல்கிற நாலு பேர் அமைப்பு சேம்பர் ஜாஸுக்கு ரொம்பப் பொருத்தம். அறைக்குள் உட்கார்ந்து கேட்கிற அளவிலான ஜாஸ் அது. 1952-இல் தொடங்கிய மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டைக் கேட்டுப் பாருங்கள், பியானோவில் ஜான் லூயிஸ், வைப்ரஃபோனில் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்) மில்ட் ஜாக்சன். நாலு பேரும் ஒருவர் பேச ஒருவர் காது கொடுக்கிற மாதிரிதான் வாசிப்பார்கள். ஜிம்மி ஜுஃப்ரி என்ற கிளாரினெட்காரர் 1950-களின் பின்பாதியில் டிரம்ஸே இல்லாமல் கிடாரும் பாஸும் மட்டும் வைத்துக்கொண்டு மூவர் குழு நடத்தினார், தாளம் குறைந்ததாகவே தோன்றாது. எனவே டிரம்ஸ் பையனிடம் குச்சியை வீட்டில் வைத்துவிட்டு கம்பி பிரஷ் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் கையில் பிரஷ், இங்கே ஓவியர் கையிலும் பிரஷ். டிரம்ஸில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் தோலில் பிரஷ் வட்டமாகத் தேய்கிற ஓசையும் இழுத்துக் கட்டிய கேன்வாஸில் தூரிகை இழுபடுகிற ஓசையும் ஒரே ஜாதிதான், பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து கேட்கும். இது கேட்க வேண்டும் என்றால் பெரிய ஸ்பீக்கர் கூடாது. கீபோர்டுக்கும் பாஸுக்கும் ஆளுக்கு ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போதும்.

இனி முக்கியமான விஷயம். ஓவியரை ஐந்தாவது வாத்தியமாக வையுங்கள். ஜாஸில் நாலு நாலு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) மாற்றி மாற்றி வாசிப்பது உண்டு, நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் அளவைக் குறைத்துக்கொண்டே போய்க் குறைப்பு வாசிக்கிற மாதிரியே. கிடார் எட்டு பார், ஓவியர் எட்டு பார், அப்புறம் நாலு, அப்புறம் இரண்டு. ஓவியரின் முறை வரும்போது பாஸ் மட்டும் மெல்ல நடந்துகொண்டிருக்கட்டும் (ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் என்று சீராக வாசிப்பதைத்தான் நடை என்கிறோம்), மற்றவர்கள் நிறுத்திவிட்டுக் கேன்வாஸைப் பார்க்கட்டும். வாசிப்பவர்கள் பார்த்தால் கூட்டமும் தானாகப் பார்க்கும்.

பச்சைமண்

நான் ஓவியப் பக்கம். மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், இன்னும் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்த அம்மாவை டிரம்பெட், பியானோ, தொப்பி போட்ட ஆள் என்று வரையச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். டச்சு ஓவியர் மோந்திரியான் 1940-இல் நியூயார்க் வந்து பூகி-வூகி என்கிற துள்ளல் தாளப் பியானோ இசையில் மயங்கி, 1942-43-இல் ‘பிராட்வே பூகி வூகி’ வரைந்தார். அதில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது, மஞ்சள் கோடுகளும் அவற்றின் மேல் விட்டு விட்டு வரும் சிவப்பு, நீலச் சதுரங்களும்தான், ஆனால் பார்க்கிற கண் தாளம் போடும். நம் நாட்டிலும் இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி பாட ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மேடையிலேயே வரைந்த நிகழ்ச்சி நடந்திருக்கிறது, புதுசு ஒன்றும் இல்லை.

எண்ணெய் வண்ணம் வேண்டவே வேண்டாம், நாள் கணக்கில் காயாது. நீர்வண்ணம் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் காயாமல் ஒன்றோடொன்று ஓடிவிடும். அக்ரிலிக்தான் சரி, மெல்லிசாகப் பூசினால் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும். கேன்வாஸுக்குப் பின்னால் பிளைவுட் பலகை கொடுத்து, ஸ்டாண்டின் கால்களை மணல் மூட்டையோடு கட்டுங்கள். கடல்காற்று அடித்தால் நாலடிக் கேன்வாஸ் பாய்மரம்தான், எனக்கு ஒருமுறை ஈரப் படம் முகம் குப்புற மண்ணில் விழுந்தது, மறக்கவே முடியவில்லை.

விளக்கைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மஞ்சள் பல்பு போட்டால் கரும்நீலம் கறுப்பாகத் தெரியும், ஓவியர் வேறு ஒரு படம் வரைவார், மறுநாள் காலையில் வேறு ஒன்று இருக்கும். கேன்வாஸுக்கு மட்டும் தனியாகப் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கு. நிறம் மாறிச் சுழலும் மேடை விளக்கு அறவே கூடாது. பிப்ரவரியில் ஆறே காலுக்கு வெளிச்சம் போய்விடும், ஐந்து மணிக்கே ஆரம்பித்தால் அடி வண்ணங்களை இயற்கை ஒளியிலேயே போட்டுவிடலாம்.

வேம்படி

இரண்டு பேருக்கும் நன்றி. எட்டு பார் விஷயத்தை அந்த அம்மாவிடம் சொன்னேன். “கோலம் போடும்போது புள்ளி வைக்கிறது ஒரு நடை, இழுக்கிறது ஒரு நடை, அதேதானே” என்றார். பையனை ஒத்திகைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அனுமதி, உட்காரும் ஏற்பாடு பற்றி யாராவது சொல்ல முடியுமா?

வடக்குமாடம்

ஒலிபெருக்கி வைத்தால் எழுத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடவே கூடாது, இது 2000-ஆம் ஆண்டு விதி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு, நாலு பேர் நெருங்கி நின்று பேசினாலே அதைத் தொட்டுவிடும். அதனால் சின்ன ஆம்ப் என்றாலும் காவல் நிலையத்தில் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். தெருவை மறிப்பதற்கும் அங்கேயே முன்கூட்டி மனு கொடுத்துவிடலாம். ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் நாற்காலியை விலக்குவது என்று இரண்டு பேருக்குப் பொறுப்புக் கொடுங்கள்.

மேடை போடாதீர்கள். மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கும்போது பார்த்திருப்பீர்கள், போடுகிறவர் தரையில், பார்க்கிறவர்கள் சுற்றிலும், ஒரு இழை தப்பினால்கூட எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கம்தான் உங்களுக்கு வேண்டும். வேப்ப மரத்தடியில் வாத்தியக்காரர்கள் அரைவட்டம், அதே வட்டத்தில் கேன்வாஸ் சாய்வாக, எதிரே ஜமக்காளத்தில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகள். பிள்ளைகளுக்குப் பழுப்புத் தாளும் கரித்துண்டும் கொடுத்துவிடுங்கள், அவர்கள் பாட்டைக் கேட்டு வரைந்துகொண்டே இருப்பார்கள், ஓடமாட்டார்கள்.

உங்கள் பக்கத்திலேயே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் விழா தொடங்கினார்கள், கர்நாடக இசையும் பறையும் கடலோரத்தில் ஒரே மேடையில் கேட்டோம். அந்தக் குப்பத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். நடந்து வரும் தூரம்தானே, உங்கள் தெருவோடு நிறுத்திவிட வேண்டாம்.

வேம்படி

கண்டிப்பாகக் கூப்பிடுகிறோம், நாளைக்கே நேரில் போய்ச் சொல்கிறேன். நேற்று ராத்திரி கார் ஷெட்டில் முதல் ஒத்திகை. டிரம்ஸ் பையன் பிரஷ் மட்டும்தான் கொண்டுவந்தான். மூன்றாவது பாட்டில் அந்த அம்மாவின் முறை வந்தபோது பாஸ் மட்டும் நடந்தது, அவர் தூரிகையைத் தொடவே இல்லை, ஏழு பார் சும்மா நின்றார், எட்டாவதில் மேலிருந்து கீழே ஒரே ஒரு நீலக் கோடு இழுத்தார். கீபோர்டு பையன் தான் நுழைய வேண்டிய இடத்தையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப முதலிலிருந்து எடுத்தோம்.