ரெண்டரிங் என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘புனைதல்’, ‘புனையோவியம்’ – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

உள்ளக வடிவமைப்பில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் கையால் வரையும் படங்களைப் பற்றிய இந்த இழையில், ‘ரெண்டரிங்’ என்பதற்கு இதுவரை வண்ணந்தீட்டல், நிழல்தீட்டல், மெருகூட்டல், காட்சிப்படுத்தல் என்னும் நான்கு சொற்கள் வந்துள்ளன. பெங்களூரு அல்சூரில் தமிழ் மாணவர்கள் சிலருக்கு இந்த வரைகலையைச் சொல்லிக்கொடுத்து வருவதால், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு வேறொரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில், இந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்க வேண்டும் என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும். ஓர் அறையின் தரைப்படத்தை 1:50 அளவில் வரைந்து, அதிலிருந்து பர்ஸ்பெக்டிவ் எனப்படும் தொலைதோற்றப் படத்தை எழுப்பி, சுவர், சன்னல், அலமாரி, கட்டில் ஆகியவற்றின் விளிம்புகளைக் கோடுகளால் மட்டும் நிறுத்தினால், எது எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் அலமாரிக் கதவு தேக்கா, லேமினேட்டா, கண்ணாடியா என்பதும், காலை வெயில் தரையில் எதுவரை வந்து விழும் என்பதும், சுவரோரம் இருக்கும் நாற்காலி சுவரை ஒட்டியிருக்கிறதா தள்ளியிருக்கிறதா என்பதும் அந்தக் கோடுகளிலிருந்து தெரியமாட்டா. வீடு கட்டுபவர் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். அந்தக் கோட்டுப் படத்தின் மீது ஒளியையும் பொருளின் தன்மையையும் ஆழத்தையும் ஏற்றுவதே ரெண்டரிங்.

வண்ணந்தீட்டல் என்னும் சொல் இதனால்தான் போதாது. அமெரிக்கக் கட்டடக்கலை ஓவியர் ஹியூ ஃபெரிஸ் 1922இல் வரைந்த நான்கு படங்கள், நியூயார்க் நகரின் 1916ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி ஒரு வானளாவி எப்படிப் படிப்படியாக உருப்பெறும் என்பதைக் காட்டின. கரியும் கருமைப் பென்சிலும் மட்டுமே கொண்டு ஒளியிலிருந்தும் இருளிலிருந்தும் கட்டடத்தைச் செதுக்கி எடுத்தவர் அவர். வண்ணம் சிறிதும் இல்லாத அந்தப் படங்களை ரெண்டரிங் அல்ல என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

நிழல்தீட்டல் என்பது இன்னும் நெருங்கி வருகிறது. ஆயினும் அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. பெங்களூருவின் பழைய வீடுகளில் இன்னும் காணக்கிடைக்கும் சிவப்பு ஆக்சைடு தரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து தேய்ந்து பளபளப்பேறிய அந்தத் தரையின் மேல் ஒரு மேசை நிற்கிறது என்றால், அதன் நிழல் வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து கிடக்கும்; ஆனால் அதன் பிரதிபிம்பம், வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும், மேசைக்காலின் அடியிலிருந்து நேர்க்கீழாகவே இறங்கும். நிழலை மட்டும் போடும் மாணவரின் தரை சாதாரண சிமெண்டுத் தரையாகவே நின்றுவிடுகிறது. நிழலோடு செங்குத்தான மெல்லிய கீற்றுகளாகப் பிரதிபிம்பத்தையும் இட்டு, சன்னலுக்குக் கீழே தாளின் வெண்மையைச் சற்றே விட்டுவைக்கும்போதுதான் அது மெருகேறிய தரையாகிறது. மரத்தின் ரேகை, திரைத்துணியின் மடிப்பு, கருங்கல்லின் புள்ளி ஆகியவையும் நிழல் என்னும் சொல்லுக்குள் அடங்குவன அல்ல. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வடிவமைப்புகள் 1910இல் பெர்லினில் படத்தொகுப்பாக வெளிவந்தபோது, அதிலிருந்த படங்கள் பலவற்றுக்கு அவரிடம் பணியாற்றிய மேரியன் மஹோனியின் கைவண்ணமே மூலமாக இருந்தது. மரங்களையும் கொடிகளையும் கோட்டின் நயத்தாலேயே உயிர்பெறச் செய்தவர் அவர். (அவரும் கணவர் வால்டர் பர்லி கிரிஃபினும் பின்னாளில் லக்னோவில் பணியாற்றினார்கள், கணவர் 1937இல் அங்கேயே காலமானார்.)

மற்ற இரண்டு சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெருகூட்டல் என்றால் நம் தச்சர்கள் பாலிஷ் போடுவதையே நினைப்பார்கள். காட்சிப்படுத்தல் என்பது விஷுவலைசேஷன் என்பதற்கு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அது வெறும் கோட்டுப் படத்தையும் மாதிரி உருவையும் கணினிப் படத்தையும் ஒருசேரக் குறிக்கும் பரந்த சொல்.

மூலச் சொல்லின் வரலாறும் நமக்கு ஒரு விடுதலையைத் தருகிறது. பாரிஸின் ‘எக்கோல் தே போசார்’ கலைப்பள்ளியில், முதலில் வரையும் குறிப்புப் படத்துக்கு ‘எஸ்கீஸ்’ என்றும், நிழலும் நீர்வண்ணப் படலமும் ஏற்றி முடித்து ஒப்படைக்கும் இறுதிப் படத்துக்கு ‘ரான்து’ என்றும் பெயர். ‘ரான்து’ என்பதற்கும் ஆங்கில ‘ரெண்டர்’ என்பதற்கும் மூலமான பிரெஞ்சு வினைக்குத் திருப்பிக் கொடுப்பது, ஒப்படைப்பது என்பதே அடிப்பொருள். அதில் வண்ணமும் இல்லை, நிழலும் இல்லை. எனவே அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. நம் கை செய்வதை நம் மொழி எப்படிச் சொல்லியிருக்கிறது என்று தேடலாம்.

அப்படித் தேடும்போது ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் முன்னால் வந்து நிற்கிறது. நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து கட்டிலில் இருக்கும் அரசிக்கு நக்கீரர் இந்த உவமையைத் தருகிறார். மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. வண்ணம் முதலியன ஏற்றாமல் கோட்டளவில் வடிவம் மட்டும் எழுதிய ஓவியம் என்பது அதன் பொருள். அதாவது, கோட்டளவில் நிற்கும் படத்துக்கும் நிறைவு பெற்ற படத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் ‘புனைதல்’ என்னும் ஒரே வினையால் அன்றே பிரித்துக் காட்டியிருக்கிறது. இந்த வினையையே நாம் ஏற்கலாம் என்பது என் முன்மொழிவு. ரெண்டரிங் என்னும் செயல் ‘புனைதல்’. அவ்வாறு முடித்த படம் ‘புனையோவியம்’.

இந்தச் சொல்லில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் எதிர்மறை வடிவம். நல்ல காட்சிப் படத்தில் தாள் முழுவதையும் நிரப்புவதில்லை. பார்ப்பவரின் கண் எங்கே தங்க வேண்டுமோ அந்தப் பகுதியை, எடுத்துக்காட்டாக வரவேற்பறையின் இருக்கையையும் அதன் பின்சுவரையும், முழுமையாக முடித்து, ஓரங்களை நோக்கிப் போகப் போக வேலையைத் தளர்த்தி, கடைசியில் வெறும் கோடுகளாகவே விட்டுவிடுவார்கள். இது சோம்பல் அன்று; தேர்ந்த கையின் முடிவு. புதிதாகக் கற்பவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பதும் இதுதான்: எல்லா மூலையிலும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்து படத்தை மூச்சுமுட்ட வைத்துவிடுவார்கள். அவர்களிடம், ‘இருக்கையைப் புனையுங்கள், அலமாரியைப் பாதி புனையுங்கள், கதவைப் புனையாமல் விடுங்கள்’ என்று சொன்னால் உடனே விளங்குகிறது. ‘கதவைக் காட்சிப்படுத்தாமல் விடுங்கள்’ என்றால் கதவையே வரையாமல் விடுவார்கள்.

கற்கும் வரிசைக்கும் இந்த வினை பொருந்துகிறது. தொலைதோற்றத்தில் கண்மட்டக் கோடு தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் அமைந்து, மறைபுள்ளிக்கு, அதாவது இணைகோடுகள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளிக்குப் போகும் கோடுகள் சரியாகச் சேர்ந்த பிறகே புனையத் தொடங்க வேண்டும். சாய்ந்துபோன அலமாரியை எந்த மார்க்கரும் நிமிர்த்தாது. அதன் பின் 2எச் (கடினமானது) முதல் 6பி (மென்மையும் கருமையும் மிக்கது) வரையிலான பென்சில்களால் வெண்மையிலிருந்து கருமை வரை ஒரு செறிவுப் பட்டை. அடுத்து, ஒற்றை விளக்கின் கீழ் வைத்த வெள்ளைப் பெட்டியை வரைந்து பழக வேண்டும். அதற்குப் பிறகே மரம், துணி, கண்ணாடி. மார்க்கரானாலும் நீர்வண்ணமானாலும் வெளிறிய சாயலிலிருந்து அடர்ந்த சாயலுக்குத்தான் போக முடியும். தாளின் வெண்மையே நமக்குக் கிடைக்கும் மிகப்பெரிய வெளிச்சம் என்பதால், அதை எங்கே காப்பாற்றுவது என்பதை முதல் கீற்றுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். இன்று புனைவு என்றால் கற்பனைக் கதை என்னும் பொருள் ஓங்கி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பொருள் ‘புனைவு’ என்னும் பெயரிலும் ‘புனைகதை’ என்னும் தொகையிலும் தங்கியிருக்கிறது. ‘சுவரைப் புனை’ என்னும் ஏவலில் எவரும் கதையைத் தேடமாட்டார்கள். ‘புனைவரைவு’ என்று அமைக்கலாமே என்றால், அலுவலகத் தமிழில் வரைவு என்பது இன்னும் முடிவாகாத முன்வடிவைக் குறிக்கிறது. முடிவான படத்துக்கு அது முற்றிலும் முரணாகும்.

ஓவியம் என்பது கலைஞர்களின் படைப்புக்கே உரியது, அளவெடுத்து வரைவதற்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த வேறுபாடு உண்மையில் நமக்கு உதவியாகவே இருக்கிறது. அடி, அங்குலம், நூல் என்று அளவு குறித்துத் தச்சரிடம் கொடுப்பது வரைபடம். அதை நம்பி அவர் பலகையை அறுப்பார். தொலைதோற்றத்தில் தூரம் கூடக் கூட நீளம் சுருங்குவதால், வாடிக்கையாளருக்குக் காட்டும் படத்தில் அளவுகோலை வைத்து எதையும் அளக்கக் கூடாது. இரண்டுக்கும் இரு வேறு பெயர்கள் இருந்தால் அந்தக் குழப்பம் பட்டறையில் நேராது.

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். ‘புனையா ஓவியம்’, ‘புனையோவியம்’ இரண்டும் பேச்சில் காதுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கின்றன. எனவே புனைவதற்கு முந்தைய படத்துக்கு, வழக்கில் உள்ள ‘கோட்டோவியம்’ என்பதையே வைத்துக்கொண்டு, ‘புனையாத’ என்பதை ஒரு படத்துக்குள் விட்டுவைத்த பகுதிகளைச் சுட்ட மட்டும் பயன்படுத்தலாம்.

துணைச்சொற்களில், பொருள் பிறவற்றின் மீது வீழ்த்தும் நிழலுக்கு ‘விழுநிழல்’, பொருளின் உடலிலேயே ஒளிபடாத பக்கத்துக்கு ‘உருநிழல்’, பளிச்சிடும் இடத்துக்கு ‘ஒளித்திட்டு’ ஆகியவற்றை வகுப்பில் வழங்கிவருகிறேன். அறையின் அளவை உணர்த்துவதற்காகப் படத்தில் சேர்க்கும் மனிதர், செடி, விளக்கு போன்றவற்றை ஒன்றாகச் சுட்டும் சொல் மட்டும் இன்னும் எனக்கு அமையவில்லை. ‘துணையுருக்கள்’ என்று எண்ணிப் பார்த்தேன். அதில் மனிதர் அடங்குவர், ஆனால் செடியும் விளக்கும் அடங்குகின்றனவா என்பதில் தயக்கம் இருக்கிறது. நாடக மேடைச் சொற்களில் தேர்ச்சி உள்ளவர்கள் குழுமத்தில் இருப்பதால், அவர்களிடமிருந்து பொருத்தமான சொல்லை எதிர்பார்க்கிறேன்.