எம்பி3 வட்டு பாடும் கருவிக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கையில் எடுத்துப்போகும் சிடி பிளேயர்களில் எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு வழிகாட்டியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லா பிளேயர்களையும் பற்றியதல்ல. எம்பி3 போல அளவு குறைத்த ஒலிக்கோப்புகளை வட்டில் எரித்து, அந்த வட்டை அப்படியே போட்டுக் கேட்கிற வகை மட்டும். தலைப்பிலும் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் இந்தப் பெயர் வருகிறது.

"சுருக்கப்பட்ட ஒலிக்கோப்புகளை இயக்கவல்ல கையடக்கக் குறுவட்டு இயக்கி" என்று முதல் வரைவில் எழுதினேன். வடிவமைப்பவர் பார்த்துவிட்டு, கட்டத்துக்குள் இரண்டு சொல்தான் அடங்கும் என்றார். இரண்டு சொல்லில், வாங்குகிறவருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது தாருங்கள்.

வன்பொருள்காரர் எழுதியது:

முதலில் அந்த 'இயக்கி'யை எடுத்துவிடுங்கள். கணினியில் டிரைவுக்கும் இயக்கி, டிரைவர் மென்பொருளுக்கும் இயக்கி என்று ஏற்கெனவே இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிளேயரும் வந்து உட்கார்ந்தால் "இயக்கியை இயக்க இயக்கியை நிறுவவும்" என்று எழுத வேண்டியதுதான்.

அப்புறம் 'கையடக்க'. வட்டின் விட்டமே 12 செ.மீ. அதைச் சுற்றி ஒரு பெட்டி, மேலே மூடி. எந்தக் கையில் அடங்கும்? சட்டைப்பையிலும் நுழையாது. வழிகாட்டி முழுக்கவே எடுத்துப்போகும் கருவிகளைப் பற்றியது என்றால் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும், அட்டவணையில் அது வேண்டாம்.

புலவர் எழுதியது:

'பாடி' இருக்க வேறெதற்கு அலைகிறீர்கள்? மண்வெட்டி, ஒலிபெருக்கி, தொலைபேசி என்று வினைமுதற்பொருளில் 'இ' விகுதி தாராளமாக வருகிறது. வானம்பாடி வேறு பறந்துகொண்டிருக்கிறது. ஆகவே வட்டுப்பாடி.

'வட்டு' நேற்று வந்த சொல் அல்ல என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்று குறளிலேயே இருக்கிறது. அங்கே அது ஆட்டக்காய். வேர் 'வள்', வளைவுப் பொருள். அதிலிருந்து வட்டு, வட்டம், வட்டில், வட்டணை. சங்கப் பாட்டில் வரும் 'வட்டி' என்ற பெட்டியும் வாய் வட்டமாக முடைந்தது. கடனுக்குக் கட்டும் வட்டியும் சுற்றிச்சுற்றி வருவதால்தான் அப்பெயர் பெற்றது என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி எழுதியது:

ஐயா, 'வட்டுப்பாடி' என்றால் எனக்கு ஏதோ ஊர்ப்பெயர் மாதிரி கேட்கிறது. தனியாகப் 'பாடி' என்றால் பேருந்துக்குக் கட்டுவது. வேறு பொருளும் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். 'இசைப்பான்' என்று வைத்தால் என்ன?

ஈழத்து நண்பர் எழுதியது:

நீங்கள் குறுவட்டு, குறுந்தகடு என்று இரண்டு கட்சியாக நிற்கிறீர்கள். எங்களுக்கு அது இறுவட்டு. 'இறு' என்பது இறுக்கம். தகடு என்றால் உலோகம் அல்லவா, இதுவோ பெரும்பாலும் நெகிழி. அதன்மேல் ஒளி தெறிக்க மெல்லிய உலோகப் பூச்சு, அவ்வளவுதான்.

எங்கள் சொல்லை எடுத்தால் வேறொரு சிக்கல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோப்பையும் 'இறுக்கிய கோப்பு' என்று சொன்னால் 'இறுவட்டில் இறுக்கிய கோப்பு' என்றாகும். இறுகியது வட்டா கோப்பா என்று வாசகர் மயங்குவார். கம்பிரஸ், அதாவது கோப்பின் அளவைக் குறைப்பது, அதற்கு முதலில் ஒரு முடிவு கட்டுங்கள், மற்றது தானாக வரும்.

வன்பொருள்காரர் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சாதாரண இசை வட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். அதே பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்கு. 80 நிமிடம் பாடும் வட்டில் 700 மெகாபைட் தரவு கொள்ளும். எம்பி3 ஆகப் போட்டால் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். இந்தக் கருவியை வாங்குவதே இதற்காகத்தான். ஆகவே பெயரில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. என் ஓட்டு 'சுருக்கிய'.

புலவர் எழுதியது:

சுருக்கம் என்றால் பொழிப்பு. நெடுங்கதையைச் சுருக்கினால் கதை போய்விடும், கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். பாட்டைச் சுருக்கினால் பல்லவியோடு நிறுத்திவிடுவார்கள் என்று வாங்குகிறவர் நினைக்க மாட்டாரா? 'செறித்த' என்பதே செப்பம். பொருள் குறையாமல் இடம் குறைவதே செறிவு.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

புலவர் ஐயா சொன்ன 'பொருள் குறையாமல்' என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. எம்பி3-இல் பொருள் குறைகிறதே. நன்னூல் சொல்லும் நூற்குற்றம் பத்தை நினைத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று கூறியது கூறல், இன்னொன்று குன்றக் கூறல். ஜிப் கோப்பு முதல் குற்றத்தை மட்டும் களைகிறது. வந்ததே திரும்ப வரும் இடங்களைக் குறிப்பால் சொல்லி இடத்தை மிச்சப்படுத்துகிறது. விரித்தால் ஓர் எழுத்துக்கூடக் குறையாது. எம்பி3 அப்படி இல்லை. ஒரு ஓசை ஓங்கி ஒலிக்கும்போது பக்கத்து அலைவெண்ணில் உள்ள மெல்லிய ஓசை நம் காதில் விழாது. அதை விட்டுவிடுகிறது, அல்லது பட்டும் படாமலும் பதிகிறது. விட்டது விட்டதுதான், திரும்ப வராது. இது தெரிந்தே செய்யும் குன்றக் கூறல்.

இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அடுத்த தலைமுறை நம்மைத் திட்டும். முதல் வகைக்குச் 'செறித்தல்' இருக்கட்டும். இரண்டாவதற்குத் திருவள்ளுவமாலையில் சொல் கிடக்கிறது: "குறுகத் தறித்த குறள்". தறித்தல் என்றால் வெட்டுதல். தறித்த ஒலி, தறியொலி.

மாணவி எழுதியது:

அம்மா, கூறியது கூறல் எடுத்துக்காட்டை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அருமை. ஆனால் 'தறியொலி' என்றால் நெசவுத் தறி ஓடும் சத்தம்.

வன்பொருள்காரர் எழுதியது:

அம்மா பிரித்த பிரிவு சரி, ஆனால் எம்பி3 இரண்டையும் செய்கிறது. முதலில் காதுக்குத் தெரியாததைக் கழிக்கிறது. மிஞ்சிய எண்களை, அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறி தரும் ஹஃப்மன் குறிமுறையில் போட்டு இன்னும் சிறிதாக்குகிறது. இந்த இரண்டாவது படியில் எதுவும் இழப்பதில்லை. ஆக முதலில் குன்றக் கூறி, அப்புறம் கூறியது கூறாமல் விடுகிறது! தறித்துச் செறித்த ஒலி என்றா எழுதுவது? பொதுவாக 'சுருக்கிய' போதும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் நாளை மறுநாள் வெள்ளி. 'சுருக்கொலி வட்டிசைப்பான்' என்று அட்டவணையில் போட்டுப் பார்த்தேன், கட்டத்துக்குள் நின்றது. சுருக்கு + ஒலி, வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். யாருக்காவது மறுப்பு உண்டா?

ஈழத்து நண்பர் எழுதியது:

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, சுருக்கொலி.

சொல்லாக்கக் குழுவில் முன்பு இருந்தவர் எழுதியது:

பெட்டியின் மேல் 'எம்பி3' என்று அச்சடித்திருக்கிறது. வாங்குகிறவர் அதைத்தான் தேடுவார். நாம் இங்கே உட்கார்ந்து செறித்தாலும் தறித்தாலும் அவருக்கு என்ன? "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ", அதாவது வடவெழுத்தை விட்டு நம் எழுத்தால் எழுதலாம் என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். எம்பி3 என்ற பெயரில் நம் எழுத்துக்கு ஒவ்வாத ஓசை ஒன்றுமில்லை. 'எம்பி3 வட்டிசைப்பான்' என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

புலவர் எழுதியது:

வடசொல்லுக்குச் சொன்ன விதியை மேலைச்சொல்லுக்கு இழுப்பதற்கு எந்த உரையாசிரியர் துணை? இருக்கட்டும். இந்தக் கருவிகளில் பல டபிள்யூஎம்ஏ கோப்பையும் பாடுகின்றன, சில அதுவும் தாண்டி வேறு வடிவங்களையும் பாடுகின்றன. எம்பி3 என்பது இனத்தின் பெயர் அல்ல, இனத்தில் ஒன்றின் பெயர்.

சொல்லாக்கக் குழுவில் முன்பு இருந்தவர் எழுதியது:

தலைமையான ஒன்றின் பெயரால் எல்லாவற்றையும் சுட்டுகிற 'தலைமை பற்றிய வழக்கு' என்று ஒன்று உண்டே ஐயா. பார்ப்பனச்சேரி என்றால் அங்கே வேறு யாரும் இல்லை என்றா பொருள் என்று உரைகாரர்கள் கேட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு சொல்லுக்கு உதவுங்கள். நடக்கும்போது குலுங்கினால் பாட்டு அறுபடாமல் இருக்கக் கருவிக்குள் நினைவகம் இருக்கிறதே, அதற்கு 'அதிர்வுதாங்கி' என்று எழுதினேன். சரிதானா?

வன்பொருள்காரர் எழுதியது:

அதிர்வுதாங்கி இருசக்கர வண்டியில் இருப்பது. இது அதிர்வை எங்கே தாங்குகிறது? குலுங்கினால் லேசர் தடம் தவறத்தான் செய்யும். முன்கூட்டியே படித்து வைத்ததிலிருந்து பாடிக்கொண்டே, தவறிய இடத்தை மறுபடி தேடிப் பிடிக்கிறது. கணினியில் பஃபருக்கு 'இடையகம்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதையே வையுங்கள்.

வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்க முடிந்தால் இதைச் சேருங்கள். 8 மெகாபைட் இடையகத்தில் சாதாரண இசைத் தரவை அப்படியே நிரப்பினால் 47 நொடிதான் தாங்கும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் எட்டரை நிமிடம். அதுவரை வட்டைச் சுற்றாமல் நிறுத்தி வைக்கலாம், மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும். விளம்பரத்தில் "இத்தனை நொடி பாதுகாப்பு" என்று போட்டிருந்தால் அது எந்த வகை வட்டுக்கு என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெரிய எண்ணைத்தான் பெட்டியில் போடுவார்கள்.

இன்னொன்று. திரும்ப எழுதும் வட்டு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். சாதாரண வட்டு 70 விழுக்காடு என்றால் இது 15 முதல் 25 வரை. எல்லாக் கருவியும் அதைப் படிக்காது. தன்னிடம் உள்ள வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது. ஒரே வட்டில் இரண்டு மூன்று தடவையாக எரித்தவர்கள், கடைசியாக எரித்த பாட்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாணவி எழுதியது:

பாட்டுப் பெயர் தமிழில் தெரியுமா என்றும் ஒரு வரி எழுதுங்கள். எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரத்தை எழுதிவைக்கும் பழைய வகைக் குறிச்சொல்லில் தலைப்புக்கு 30 பைட்டுதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு ஆகும். மொத்தம் பத்துக் குறி. கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்காகும். 'கண்ணன்' என்று எழுதவே ஆறு போய்விடும். அதுவும் திரையில் தமிழ் எழுத்துரு இருந்தால்தானே? என்னுடையதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் ஓடும்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

பத்துக் குறிக்குள் தலைப்பு. சுருங்கச் சொல்லல் என்ற அழகைக் கருவியே கட்டாயப்படுத்துகிறது. விளங்க வைத்தலுக்குத்தான் எழுத்துரு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'சுருக்கிய ஒலிக்கோப்புகளுக்கான வட்டிசைப்பான்', அட்டவணையில் 'எம்பி3 வட்டிசைப்பான்'. இடையகம் இடம்பெற்றது. மின்கல வரியையும் திரும்ப எழுதும் வட்டு வரியையும் சேர்த்துவிட்டேன். தமிழ்த் தலைப்பு பற்றியது இடமில்லாமல் விடுபட்டது. குழுவில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

புலவர் எழுதியது:

பெரும்பாலோரில் என்னைச் சேர்க்க வேண்டாம். 'ஆன்' ஆண்பால் விகுதி. உயிரில்லாத பெட்டிக்கு எதற்கு மீசை?

மாணவி எழுதியது:

ஓணான், உள்ளான், கரப்பான் எல்லாம் 'ஆன்' என்றுதானே முடிகின்றன ஐயா?

புலவர் எழுதியது:

கரப்பான் வரிசையில் வைத்தது நீங்கள்தான், நான் அல்ல. மேலும் அவற்றுக்காவது உயிர் உண்டு. வட்டுப்பாடி என்பதே என் முடிவு. கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது பதியுங்கள். 'ப்' மிகும் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். வன்றொடர்க் குற்றியலுகரம், 'பாட்டுப் பாடினான்' போல. 'வட்டி' பற்றிய மடல் தனியே வருகிறது.